அலை பாடும் தரங்கம்பாடி

மிளகு வாங்க வந்தவர்கள் கட்டிய கோட்டை! மணலில் தமிழ் எழுதிப் பழகிய வெளிநாட்டார்!

தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே டென்மார்க் நாட்டின் கொடி பறந்தது. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு அல்ல. இடையில் சில ஆண்டுகள் தவிர, 225 ஆண்டுகள்!

அந்த ஊரின் பெயர் தரங்கம்பாடி.

மயிலாடுதுறையில் இருந்து கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் இந்த ஊர் வரும். தெற்கே காரைக்கால். வடக்கே பூம்புகார். கிழக்கே வங்கக்கடல்.

ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு பகல் போதும். கடலைப் பார்த்தபடி ஒரு கோட்டை. ஊருக்குள் நுழைய ஒரு பெரிய வாசல். அகலமான சில தெருக்கள். பழைய தேவாலயங்கள். அலை ஓரத்தில் ஒரு சிவன் கோவில். ஒரு மசூதித் தெரு. மீனவர் குடியிருப்பு. அவ்வளவுதான் ஊர். ஆனால் இங்கே நடந்த கதைகளோ ஏராளம்!

பெயர் வந்த விதம்

"தரங்கம்" என்றால் அலை. "பாடி" என்றால் மக்கள் குடியிருக்கும் ஊர். அலை ஓரத்து ஊர் என்பது பொருள்.

ஆனால் ஊர்க்காரர்களைக் கேட்டால் வேறு விளக்கம் சொல்லுகிறார்கள். "அலைகள் பாடும் ஊர்" என்கிறார்கள். இலக்கணம் எப்படி இருந்தாலும், இரவில் கடற்கரைக்குப் போய் நின்றால் அவர்கள் சொல்லுவதுதான் சரி என்று தோன்றும்!

டென்மார்க்காரர்களின் வாயில் இந்தப் பெயர் நுழையவில்லை. அவர்கள் "டிராங்கிபார்" ஆக்கிவிட்டார்கள்.

தங்கத்தில் ஓர் ஓலை

டென்மார்க் என்பது வட ஐரோப்பாவில் உள்ள சிறிய நாடு. குளிர் மிகுந்த நாடு. அங்கே மிளகு விளையாது. பருத்தியும் விளையாது.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் மிளகுக்கு நல்ல விலை. போர்ச்சுகீசியர்கள் மிளகு வியாபாரத்தில் பணம் குவித்தார்கள். டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் போட்டிக்கு வந்தார்கள். "நாமும் போனால் என்ன?" என்று டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு ஆசை பிறந்தது. 1616-ஆம் ஆண்டில் டேனிஷ் கிழக்கிந்திய கம்பெனி தொடங்கியது. 1618-ல் கப்பல்கள் புறப்பட்டன.

கப்பல்களுக்குத் தலைவர் ஓவே கெட்டே. அவர் முதலில் போனது இலங்கைக்கு. கண்டி அரசரிடம் வியாபாரம் பேசினார். நினைத்தது நடக்கவில்லை.

இதற்கிடையே, முன்னால் வந்த டேனிஷ் கப்பல் ஒன்றைப் போர்ச்சுகீசியர்கள் காரைக்கால் அருகே தாக்கினார்கள். கப்பல் நாசமாயிற்று. அதன் தலைவர் ரோலண்ட் கிராப்பே உயிர் தப்பினார். கரை ஏறித் தஞ்சை அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார்.

தஞ்சையை அப்போது ஆண்டவர் இரகுநாத நாயக்கர். அவர் கிராப்பேயை வரவேற்றார். ஓவே கெட்டேயும் தஞ்சைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 25.

1620-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒப்பந்தம் ஏற்பட்டது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ளலாம். வியாபாரம் செய்யலாம். அதற்கு ஆண்டுக்கு 3,111 ரூபாய் கொடுக்க வேண்டும்.

இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்கு ஒரு கடிதமும் அனுப்பினார். பனை ஓலையில் அல்ல. பொன் ஓலையில்! தங்கத்தை ஓலை போல் தட்டி, அதில் தமிழில் எழுதினார்கள். நாயக்கர் தெலுங்கில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பொன் ஓலை இன்றும் டென்மார்க் நாட்டு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

டேன்ஸ்போர்க் கோட்டை

அப்படிக் கட்டியதுதான் டேன்ஸ்போர்க் கோட்டை. "டேனிஷ்காரர்களின் கோட்டை" என்று பொருள்.

கோட்டை இரண்டு அடுக்கு கொண்டது. கீழே சரக்குக் கிடங்கு, சிப்பாய்கள் தங்கும் அறைகள், சிறைச்சாலை. மேலே கவர்னர் தங்கும் இடம், வழிபாட்டு அறை. மேல் தளத்தில் நின்றால் கடல் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும்.

இன்று கோட்டைக்குள் தமிழ்நாடு அரசின் தொல்லியல் அருங்காட்சியகம் உள்ளது. டேனிஷ்காரர்களின் பத்திரங்கள், பீங்கான் பாத்திரங்கள், சீனத்துத் தேயிலை ஜாடிகள், வாள், குத்துவாள், ஈட்டி எல்லாம் இருக்கின்றன. திமிங்கலத்தின் எலும்பும் இருக்கிறது. குழந்தைகள் அதை விட்டு நகர மாட்டார்கள்!

டேனிஷ்காரர்கள் இங்கேயே ஈயத்திலும் செம்பிலும் காசு அடித்தார்கள். துணி வாங்கினார்கள். மிளகுக்கும் மற்றச் சரக்குகளுக்கும் அதை மாற்றிக்கொண்டார்கள்.

ஒரு கொடுமையையும் சொல்ல வேண்டும். பஞ்ச காலத்தில் ஏழை மக்கள் வயிற்றுக்கு இல்லாமல் தவித்தபோது, அவர்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி, கப்பலில் ஏற்றி வெளிநாடுகளுக்கு அனுப்பிய வியாபாரமும் இந்தத் துறைமுகத்தில் நடந்தது. கோட்டையின் அழகைப் பார்க்கும்போது அந்தக் கண்ணீரையும் மறக்கக் கூடாது.

ஒற்றை ஆள் காத்த கோட்டை

டேனிஷ்காரர்களுக்கு வியாபாரம் சரியாக நடக்கவில்லை. கப்பல்கள் முழுகின. நாட்டில் போர். கம்பெனி நொடித்துப்போய் 1650-ல் கலைக்கப்பட்டது. டென்மார்க்கில் இருந்து கப்பல் வருவது நின்றுவிட்டது.

தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். 1655-ல் மிஞ்சியவர் ஒரே ஒருவர். அவர் பெயர் எஸ்கில் கோங்ஸ்பாக்கே. அவர் பிரபு அல்ல, தளபதி அல்ல. சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு கோட்டையைக் காத்தார். வாடகைப் பாக்கிக்காகத் தஞ்சைப் படை முற்றுகை இட்டது. தாக்குப் பிடித்தார். கடலில் போன கப்பல்களைப் பிடித்துப் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். பிறகு தஞ்சை நாயக்கருடன் சமாதானமும் செய்துகொண்டார்.

14 ஆண்டுகள் இப்படிப் போயின. 1669-ல் "ஃபேரோ" என்ற கப்பல் டென்மார்க்கில் இருந்து வந்து சேர்ந்தது. கோட்டையில் டேனிஷ் கொடி பறந்துகொண்டுதான் இருந்தது! அவரையே தலைவராக ஏற்றுக்கொண்டார்கள்.

ராஜா தெரு

ஊரின் மேற்கே இருக்கும் பெரிய வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். 1792-ல் புதுப்பித்துக் கட்டிய வாசல் இது. வெள்ளை வெளேர் என்று நிற்கிறது. இதில் நுழைந்து நேராக நடந்தால் ராஜா தெரு. தெரு முடியும் இடத்தில் மைதானம். அதற்கு அப்பால் கோட்டை. அதற்கு அப்பால் கடல்.

ராஜா தெருவில் சியோன் தேவாலயம் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் 1701-ல் கட்டியது. பக்கத்திலேயே புதிய எருசலேம் தேவாலயம். பெயர்தான் "புதிய"; கட்டியது 1718-ல்! இந்தத் தேவாலயத்துக்குள் ஒரு கல்லறை உள்ளது. அது சீகன்பால்குவின் கல்லறை. இந்தத் தெருவில் நாம் கட்டாயம் நிற்க வேண்டிய இடம் அதுதான். ஏன் என்று சொல்லுகிறேன்.

மணலில் எழுதிப் பழகியவர்

1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி. இரண்டு ஜெர்மானியர்கள் தரங்கம்பாடியில் கப்பலை விட்டு இறங்கினார்கள். ஒருவர் சீகன்பால்கு. மற்றவர் புளூட்சோ. மதப் பிரசாரத்துக்காக டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பியவர்கள். மறுநாள்தான் சீகன்பால்குவுக்கு 24 வயது நிறைந்தது.

அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. தமிழ் தெரியாமல் தமிழரிடம் எப்படிப் பேசுவது? வயதான ஒரு வாத்தியாரைத் தேடிப் பிடித்தார்கள். அவருடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தையே தங்கள் வீட்டில் நடத்தச் சொன்னார்கள்.

அந்த நாளில் பிள்ளைகளுக்குப் பலகை கிடையாது. தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுதுவார்கள். பிள்ளைகளோடு பிள்ளையாகச் சீகன்பால்குவும் தரையில் உட்கார்ந்தார். "அ" எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார்.

படித்த மனிதர், கல்லூரிக்குப் போனவர், சின்னக் குழந்தைகளுக்கு நடுவே உட்கார வெட்கப்படவில்லை. முதியோர் பள்ளியில் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெரியவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படிப்பதற்கு வயதும் இல்லை, வெட்கமும் இல்லை!

பல மொழி அறிந்த அழகப்பன் என்பவரும் அவருக்கு உதவினார். எழுத்துப் பழகியதும் சீகன்பால்கு தமிழ்ச் சுவடிகளைத் தேடி அலைந்தார். 1708-க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குப் பட்டியல் எழுதிவிட்டார். அந்தப் பட்டியலில் தொல்காப்பியம் உண்டு. திருக்குறள் உண்டு. கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நம் பிள்ளைகள் படித்த பாடம் அப்படித்தான் ஜெர்மனிக்குப் போனது.

1707-லேயே பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். பெண் குழந்தைகளுக்கும் பள்ளி நடந்தது. பெண்களைப் படிக்க வைக்கும் பழக்கம் இல்லாத காலம் அது!

சிறைவாசம்

சீகன்பால்குவுக்கு எல்லாரும் மாலை போடவில்லை. டேனிஷ் கவர்னருக்கே அவரைப் பிடிக்காது. கடன் தகராறு ஒன்றில், ஓர் ஏழைத் தமிழ் விதவைக்காகச் சீகன்பால்கு பரிந்து பேசினார். கவர்னருக்குக் கோபம் வந்தது. 1708-ன் முடிவில் அவரைப் பிடித்துக் கோட்டையில் அடைத்தார். நான்கு மாதம் சிறை. வெயிலும் புழுக்கமும் வாட்டின. வெளியே வந்ததும் அவர் மறுபடி தமிழ் வேலையைத்தான் கையில் எடுத்தார்.

பாற்கட்டி டப்பாவில் தமிழ் எழுத்து!

தமிழ் எழுத்து அச்சில் ஏறியது தரங்கம்பாடியில் முதல் தடவை அல்ல. 1578-லேயே கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற நூல் அச்சானது. ஆனால் அந்தப் பழைய அச்சுக்கூடங்கள் நிலைக்கவில்லை. தமிழ் படித்தவர்களுக்கு மறுபடியும் ஓலைதான், எழுத்தாணிதான்.

சீகன்பால்கு அச்சு யந்திரம் கேட்டு எழுதினார். இங்கிலாந்தில் இருந்து யந்திரம் புறப்பட்டது. வழியில் அந்தக் கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டது! அச்சு வேலை தெரிந்து உடன் வந்தவர் பாதி வழியில் இறந்துபோனார். யந்திரம் மட்டும் 1712-ல் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே என்ற நகரத்தில் வார்த்தார்கள். அவை 1713-ல் வந்தன.

அந்த எழுத்துகள் மிகப் பெரியவை. ஒரு பக்கத்தில் கொஞ்சம்தான் அடங்கும். காகிதமோ கிடைக்காத பொருள். என்ன செய்வது? சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்க்கத் தொடங்கினார்கள். அதற்கு ஈயம் வேண்டுமே! இங்கிலாந்தில் இருந்து பாற்கட்டி அனுப்பி வைத்த ஈய டப்பாக்களை உருக்கித் தமிழ் எழுத்து வார்த்தார்கள் என்று சொல்லுகிறார்கள்.

1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வெளிவந்தது. காகிதப் பஞ்சத்தைப் போக்க, பக்கத்தில் பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். ஆலை நீண்ட நாள் ஓடவில்லை. ஆனால் "கடுதாசிப் பட்டறை" என்ற ஊர்ப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சீகன்பால்கு 1719-ல் காலமானார். வயது 36 தான். அச்சுக்கூடம் நிற்கவில்லை. பின்னால் வந்தவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள்.

ஓலைச் சுவடியை ஒருவர் எழுதினால் ஒரு பிரதி. அச்சில் ஏறினால் நூறு பிரதி, ஆயிரம் பிரதி. பணக்காரர் வீட்டுப் பரணில் இருந்த படிப்பு ஏழை வீட்டுத் திண்ணைக்கும் வருவதற்கு அச்சுதான் வழி செய்தது. இன்று நீங்கள் காப்பி குடித்துக்கொண்டே இந்தப் பத்திரிகையைப் படிக்கிறீர்களே, இதற்கும் அந்தச் சின்ன அச்சுக்கூடத்துக்கும் உறவு உண்டு.

விலை போன ஊர்

நெப்போலியன் போர்க் காலத்தில் சில ஆண்டுகள் ஆங்கிலேயர்கள் தரங்கம்பாடியைப் பிடித்து வைத்திருந்தார்கள். பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் வியாபாரம் திரும்பி வரவில்லை. 1845-ல் டென்மார்க் அரசு இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றது. வங்காளத்தில் உள்ள சீராம்பூரையும் சேர்த்து விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய்!

1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரெயில் பாதை வந்தது. கப்பல்களும் வியாபாரிகளும் அங்கே போனார்கள். மயிலாடுதுறையில் இருந்து தரங்கம்பாடிக்கு 1926-ல் ஒரு ரெயில் வந்தது. அதுவும் 1986-ல் நின்றுவிட்டது.

ஆனாலும் எழுத்து இந்த ஊரை விடவில்லை. தமிழின் முதல் நாவலான "பிரதாப முதலியார் சரித்திர"த்தை எழுதியவர் வேதநாயகம் பிள்ளை. அவர் மாயூரத்துக்குப் போகும் முன் முன்சீப்பாக வேலை பார்த்த ஊர் தரங்கம்பாடிதான்.

கடல் கொண்ட கோவில்

டேனிஷ்காரர்கள் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஊர் இருந்தது, கோவில் இருந்தது. கோட்டைக்கு வடக்கே, அலை ஓரத்தில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோவில்தான் அது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. 1306-ஆம் ஆண்டில் கட்டியது என்பார்கள். கோவில் கல்வெட்டில் ஊரின் பழைய பெயர் "சடங்கன்பாடி" என்று இருக்கிறது.

அந்தக் கோவிலின் பெரும் பகுதி இன்று இல்லை. கடல் கொண்டுவிட்டது! கொஞ்சம் கொஞ்சமாகக் கரை அரித்தது. மண்டபங்கள் சரிந்து அலைக்குள் போயின. எஞ்சிய பகுதியில் பிற்காலத்தில் திருப்பணி நடந்தது. அலையைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டி இருக்கிறார்கள்.

கோவில் மட்டும் அல்ல. ஊரின் கிழக்கு மதிலும் கடலுக்கு இரையாகிவிட்டது.

கடல் அரித்தது போதாது என்று, ஒரு நாள் சீறியும் வந்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி! மீனவர் குடியிருப்பு சின்னாபின்னம் ஆயிற்று. தரங்கம்பாடி அப்போது நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பலியானார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் எத்தனை பேர்!

கோட்டை நின்றது, குடிசைகள் போயின. கடலுக்குத் தள்ளி, புதிய வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். மீனவர்கள் மறுபடி கடலுக்குப் போனார்கள். வேறு என்ன செய்வார்கள்? சோறு போடுவதும் அதே கடல்தானே!

ஊரில் உள்ள பழைய வீடுகள் சிலவற்றைச் சுண்ணாம்புக் காரை பூசிப் பழைய முறையிலேயே புதுப்பித்து இருக்கிறார்கள். திண்ணையும் மரத்தூணும் ஓட்டுக் கூரையும் கண்ணுக்கு நிறைவாக இருக்கின்றன. கவனிக்க ஆள் இல்லாமல் சரிந்துகொண்டு இருக்கும் வீடுகளும் உண்டு. கடல் ஒரு பக்கம் தின்றால், நம் அலட்சியம் மறு பக்கம் தின்கிறது.

அக்கம்பக்கம்

அருகில்தான் தில்லையாடி. தென்ஆப்பிரிக்காவில் காந்தியடிகளின் போராட்டத்தில் சிறை சென்று, 1914-ல் 16 வயதில் உயிர் நீத்த வள்ளியம்மையின் பெற்றோருடைய ஊர். காந்தியடிகள் 1915-ல் அங்கே வந்தார். வள்ளியம்மைக்கு அங்கே நினைவு மண்டபம் உள்ளது.

பக்கத்தில் அனந்தமங்கலம். அங்குள்ள பெருமாள் கோவிலில் 1978-ல் ராமர், சீதை, லட்சுமணர் சிலைகள் திருட்டுப் போயின. 42 ஆண்டுக்குப் பிறகு, 2020-ல், லண்டனில் இருந்து திரும்பி வந்தன! அறுபதாம் கல்யாணத்துக்குப் பேர்போன திருக்கடையூரும் கூப்பிடும் தூரம்தான்.

குடும்பத்தோடு போகிறவர்கள் மயிலாடுதுறையில் இருந்து பஸ்சில் போகலாம். காலையிலேயே போய்விடுவது நல்லது. பகல் வெயில் கடுமையாக இருக்கும். அலையில் ஆழமாக இறங்க வேண்டாம். பாறை உள்ள இடத்தில் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள்

தரங்கம்பாடிக்கு வந்தவர்கள் மிளகுக்காக வந்தார்கள். மிளகு போயிற்று. கவர்னர்கள் போனார்கள். கொடி இறங்கியது. ஊரையே விலை பேசி விற்றார்கள். மிஞ்சியது அந்த எழுத்துதான். அதை யாரும் விற்க முடியவில்லை. கடலாலும் அரிக்க முடியவில்லை.

ஆனால் இந்த ஊரின் சுவர்களை அரிக்க முடியும். கடலை நிறுத்த நம்மால் ஆகாது. நம் கையை நிறுத்தலாம். பழைய சுவர் கண்டால் ஆணியை எடுத்துத் தன் பெயரைக் கீறும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. தமிழ் எழுத்தை அச்சில் வளர்த்த ஊர் இது. அதே தமிழ் எழுத்தால் அதன் சுவரைப் புண்ணாக்கலாமா?

பிள்ளைகளுக்குப் பெயர் எழுத ஆசையாக இருந்தால், கடற்கரை முழுவதும் மணல் கிடக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் எழுதட்டும். அலை வந்து அழித்தால் மறுபடி எழுதட்டும். சீகன்பால்குவும் மணலில்தான் எழுதிப் பழகினார்.